கோடு போட வேண்டிய கட்டம்

ஜனவரி 4

தம்பிக்கு,

போனில் பேசினால் பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. கிழித்துப் போட்டாலும் முதல் நாலு வரியாவது கண்ணில் பட்டிருக்கும். அதனால் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். தேசிய சதுரங்கக் கூட்டமைப்பின் ரேட்டிங் பொறுப்பாளர் பதவிக்கு நான் நிற்கிறேன். சம்பளம் கிடையாது, உட்கார ஒரு அறைகூடக் கிடையாது. நாடு முழுக்க நடக்கிற போட்டிகளின் அறிக்கைகள் வீட்டுக்கு வந்து குவியும். யார் யாரை ஜெயித்தார்கள் என்று பார்த்து, ஒவ்வொருவருக்கும் எத்தனை புள்ளி ஏறியது, எத்தனை இறங்கியது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை பட்டியல் போட வேண்டும். திட்டு மட்டும் தாராளமாகக் கிடைக்கும். பத்தொன்பது வருஷமாக இதைச் செய்துகொண்டிருப்பவர் அந்த ரிட்டயர்டு கணக்கு வாத்தியார். இத்தனை வருஷத்தில் அவரை எதிர்த்து ஒரு ஆள் நின்றதில்லை. பயமா சோம்பலா தெரியவில்லை.

நான் ஏன் நிற்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் சொல்வேன். பன்னிரண்டு வருஷமாகச் சொல்லியும் எனக்கு ஆறவில்லை. அம்மாவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். அதே நாளில் போட்டியின் கடைசிச் சுற்று. அதில் நான் ஆட வேண்டும், நீ நடுவராக நிற்க வேண்டும். ஒரு சுற்று விட்டாலும் உனக்கு நடுவர் பட்டம் கையை விட்டுப் போய்விடும். நான்தான் சொன்னேன்: "நீ போடா, ஆஸ்பத்திரியில நான் இருக்கேன். வராத ஆளுக்குக் கோடுதானே போடுவாங்க." கோடு என்றால் எதிராளிக்கு அந்தப் போட்டியில் வெற்றி, ஆனால் ஆடாத ஆட்டம் என்பதால் இரண்டு பேருக்குமே ரேட்டிங் ஏறாது, இறங்காது. பட்டியல் வந்ததும் பார்த்தால் எனக்குக் கோடு இல்லை, சைபர். அதாவது நான் வந்தேன், உட்கார்ந்தேன், ஆடினேன், தோற்றேன். பதினான்கு புள்ளி போனது. 2003ஆக இருந்த ரேட்டிங் 1989 ஆனது. நாட்டு அணியின் பயிற்சி முகாமுக்கு இரண்டாயிரம் வேண்டும். என்னிடம் தோற்கிற வாய்ப்புக்கூடக் கிடைக்காத என் எதிராளி, அந்தப் பச்சை ஸ்வெட்டர் பெண், அந்தப் புள்ளிகளோடு முகாமுக்குப் போனாள்.

நீ போட்ட கோடு வாத்தியார் வீட்டு மேஜைக்குப் போய்ச் சைபராகிவிட்டது. முறையிட்டேன். "அறிக்கையில் உள்ளபடியே பதிவு செய்யப்பட்டுள்ளது" என்று ஒற்றை வரியில் பதில். அறிக்கையைக் காட்டுங்கள் என்றேன். ஆட்டக்காரர்களுக்குக் காட்டும் வழக்கம் இல்லையாம். நான் கடைகளின் தராசைச் சோதிக்கிற அலுவலகத்தில் வேலை பார்க்கிறவள். தராசுக்குத் துணி போட்டு மூடி வைத்துக்கொண்டு எடை சரியாக இருக்கிறது என்று ஒருவன் சொன்னால் அந்தக் கடைக்கு நாங்கள் சீல் வைப்போம்.

என் வாக்குறுதி ஒன்றே ஒன்றுதான். யாராக இருந்தாலும் தன் ஆட்டத்தின் மூல அறிக்கையைக் கேட்டுப் பார்க்கலாம். நாற்பத்தேழு சங்கங்கள், சங்கத்துக்கு ஒரு ஓட்டு. உன் சங்கத்துக்கு நீதான் செயலாளர். ஓட்டை எனக்குப் போடு.

சின்ன வயதில் மாடிப்படியில் உட்கார்ந்து ஆடிய ஆட்டத்தில், ஓரத்துச் சிப்பாய்க்கு ஆசைப்பட்டு ராணியைப் பறிகொடுத்தவன் நீ. அன்றிலிருந்து உனக்கு "ஓரத்துச் சிப்பாய்" என்றுதானே பெயர். இதையாவது ஒழுங்காகச் செய்.

அக்கா


ஜனவரி 13

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இந்தக் காலத்தில் யார் கடிதம் போடுகிறார்கள் என்று அம்மா கேட்டாள். கண்ணாடிக் கடைக்கு வந்த லென்ஸ் கம்பெனி விளம்பரம் என்று சொல்லிவிட்டேன். நீ எழுதினாய் என்றால் உடனே படித்துக் காட்டு என்பாள். இதில் படித்துக் காட்டுகிற மாதிரி என்ன இருக்கிறது?

சொல்கிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. உனக்கு எதற்கு இந்த வேலை? அந்த மனுஷர் சம்பளம் இல்லாமல் தன் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து பத்தொன்பது வருஷம் இதைச் செய்திருக்கிறார். யாரும் நன்றி சொன்னதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய ஒரு சைபருக்காக அவரை ஊர் முன்னால் நிறுத்தி வைத்து அசிங்கப்படுத்த வேண்டுமா? முகாம் முடிந்து போயிற்று, அந்தப் பெண் ஆட்டத்தையே விட்டுவிட்டு எங்கேயோ கணக்கராக இருக்கிறாளாம். நீயும் அன்றோடு ஆடுவதை நிறுத்திவிட்டாய். இப்போது கிளறி யாருக்கு என்ன லாபம்?

உனக்கு எல்லாமே தராசுதான். எல்லாரையும் ஒரு தட்டில் ஏற்றி நிறுத்திப் பார்க்க வேண்டும். அம்மாவின் மாத்திரை டப்பாவில் எத்தனை அறை என்று உனக்குத் தெரியுமா? இருபத்தொன்று. ஞாயிற்றுக்கிழமை தோறும் நான்தான் நிரப்புகிறேன். நீ இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை வந்து, "ஏண்டா இவ்வளவு இளைச்சுட்டாங்க" என்று என்னைக் குறுக்கு விசாரணை செய்துவிட்டுப் போகிறாய்.

ஓட்டு விஷயம் என் கையில் இல்லை. கமிட்டி கூடி முடிவெடுக்கும்.

தம்பி


ஜனவரி 20

தம்பிக்கு,

உன் கமிட்டி எது என்று எனக்குத் தெரியாதா? நீ, உன் மைத்துனர், ஒரு தேநீர்க் கெட்டில். யாருக்குக் காது குத்துகிறாய்?

அம்மா விஷயத்தை இதில் இழுக்காதே. மாத்திரை டப்பாவுக்கு நன்றி சொல்லத்தான் வேண்டும், சொல்கிறேன். ஆனால் சதுரங்கத்தைப் பற்றிக் கேட்டால் மாத்திரையைப் பற்றிப் பதில் சொல்வது உன் பழைய வித்தை.

இதுவரை பதினோரு சங்கங்களுக்குப் போய்விட்டேன். சனி, ஞாயிறு எல்லாம் பஸ்ஸிலேயே போகிறது. டயர் கடைக்கு அடியில் இருக்கும் ஒரு சங்கத்தில், ரப்பர் நாற்றத்துக்கு நடுவே, ஒருவர் பலகையிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார், "பெண்களுக்கு ஒதுக்கீடு ஏதாவது வந்திருக்கா?" நானும் அவர் பலகையைப் பார்த்துவிட்டு, "ரெண்டு மூவ்ல உங்க யானை போகுது" என்று சொல்லிவிட்டு வந்தேன். போனது. அந்தச் சங்கத்தின் ஓட்டு எனக்குத்தான் என்று செயலாளர் வெளியே வந்து சொன்னார்.

போன வாரம் வட்டாரக் கூட்டத்தில் வாத்தியாரும் இருந்தார். வெள்ளைச் சட்டைப் பையில் மூன்று பேனா. என்னைக் காட்டி, "தராசு அம்மா எடை போடட்டும், நாம செஸ் ஆடுவோம்" என்றார். கூட்டமே சிரித்தது. அன்று மாலையே நோட்டீஸ் அடிக்கக் கொடுத்துவிட்டேன். "வராத ஆட்டத்துக்குச் சைபர் போட்டவர் யார்?" என்று தலைப்பு. முந்நூறு பிரதிகள்.

அதற்குத்தான் இப்போது எழுதுகிறேன். நடுவர்கள் அறிக்கையை அனுப்பும்போது அடியில் கார்பன் வைத்து ஒரு நகல் எடுத்துக்கொள்வீர்களே, அது உன்னிடம் இருக்கும். நீ ரசீதையெல்லாம் துணி மூட்டை மாதிரி கட்டி வைக்கிறவன். அந்த நகலை அனுப்பு. அதில் உன் கையால் போட்ட கோடு இருக்கும், அவருடைய பட்டியலில் சைபர் இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பிறகு யார் சிரிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

பதிவுத் தபாலில் அனுப்பு.

அக்கா


ஜனவரி 29

அக்காவுக்கு,

நகல் இல்லை. கடையை மாற்றும்போது பழைய தாள்களை எல்லாம் போட்டுவிட்டேன். மிச்சம் இருந்ததைக் கரையான் அரித்துவிட்டது. இருந்தாலும் பிரயோஜனம் இல்லை, அந்தக் காலத்துக் கார்பன் இரண்டு வருஷத்தில் மங்கிவிடும்.

அந்த நோட்டீஸை நிறுத்து. கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன். உண்மை தெரியாமல் ஒரு பெரிய மனுஷர் மீது பழி போடாதே. பிறகு வருத்தப்படுவாய்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்ததை இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக் காட்டுவாய்? உன்னை இருக்கச் சொல்லி நான் கேட்டேனா? நீயாகச் சொன்னாய், நீயாக இருந்தாய். நீ எப்போதும் அப்படித்தான், கேட்காததைக் கொடுப்பாய், அப்புறம் காலம் பூராவும் அதை எடுத்துப் பேசுவாய். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, உன் பக்கம் தப்பு இருக்கும் என்று நினைத்துப் பார்த்திருக்கிறாயா?

கடையில் ஆள் காத்திருக்கிறார்கள்.

தம்பி


பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் போட்டுவிட்டதாகவும், கரையான் அரித்ததாகவும், மங்கிப்போனதாகவும் ஒரே பத்தியில் மூன்று விதமாகத் தொலைத்த அறிக்கையின் அசல் பத்திரமாக இருக்கிறது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

நோட்டீஸைப் பார்த்துவிட்டு வாத்தியார் போன் செய்தார். கத்துவார் என்று நினைத்தேன். "ஒரு தடவை வீட்டுக்கு வாங்கம்மா" என்றார், அவ்வளவுதான். போனேன். சாப்பாட்டு மேஜை முழுக்க அறிக்கைகள், ஒரு ஓரத்தில் மட்டும் ஒரு தட்டு வைக்க இடம். பின்னால் இரும்பு அலமாரி. வருஷம் எழுதி ஒட்டிய அடுக்குகள்.

"வழக்கத்த மீறிக் காட்டறேன். நீங்க என்னத் திருடன்னு அச்சடிச்சுட்டீங்க, இனிமே எனக்கு என்ன வழக்கம்" என்று சொல்லி எடுத்து வைத்தார்.

உன் அறிக்கை. உன் எழுத்து. என் பெயருக்கு நேரே கடைசிக் கட்டத்தில் சைபர். அடித்துத் திருத்தாத, சுத்தமான, உருண்டையான சைபர். நீ கண் பரிசோதனைச் சீட்டில் போடுகிற மாதிரியே.

அதோடு விட்டிருந்தால் கை தவறிவிட்டது என்றாவது நான் நினைத்திருப்பேன். அவர் இன்னொரு தாளையும் எடுத்தார். "நீங்க அப்ப முறையிட்டீங்கல்ல, நான் சும்மா இருக்கல. நடுவரக் கேட்டேன். உங்க தம்பியே எழுதிக் குடுத்திருக்காரு, ஆட்டம் நடந்துச்சுன்னு. ஆட்டத்தாளும் அனுப்பினாரு. முப்பத்தொரு மூவ். நீங்க தோத்துட்டு வரவே இல்லன்னு பொய் சொல்றீங்கன்னு நினைச்சேன். பன்னெண்டு வருஷமா அப்படித்தான் நினைச்சேன். கூடப் பிறந்தவனே சொல்றான்னா வேற என்ன நினைக்கிறது?"

ஆட்டத்தாளை வாங்கிப் பார்த்தேன். அடியில் என் கையெழுத்து. பள்ளிக்கூடத்து லீவு லெட்டரில் அம்மாவின் கையெழுத்தைப் போட்டுப் பழகிய கை உன்னுடையது, நன்றாகவே போட்டிருக்கிறாய். பிறகு நகர்த்தல்களைப் படித்தேன். ஒன்று, இரண்டு, மூன்று. எட்டாவதில் எனக்கு என்னவோ போல இருந்தது. பத்தொன்பதாவதில் கறுப்பு ராணி மூலைக்குப் போய் ஓரத்துச் சிப்பாயை எடுக்கிறது.

டேய். அது நம் ஆட்டம். எனக்குப் பதின்மூன்று, உனக்குப் பதினொன்று, வெளியே மழை, மாடிப்படியின் ஐந்தாவது படியில் பலகை. நான் வெள்ளை, நீ கறுப்பு. என் பெயரில் ஒரு தோல்வியைத் தயார் செய்ய உட்கார்ந்தவனுக்கு, நீ என்னிடம் தோற்ற அந்த ஆட்டம்தானா கிடைத்தது? என் நகர்த்தல்களை எடுத்து அந்தப் பச்சை ஸ்வெட்டருக்குக் கொடுத்துவிட்டு, உன் நகர்த்தல்களை என் தலையில் கட்டியிருக்கிறாய். என் வெற்றியை வைத்தே என்னைத் தோற்கடித்திருக்கிறாய்.

வாத்தியாரிடம், "இந்த ஆட்டம் நடந்தது உண்மைதான் சார். ஆனா அந்த வருஷம் இல்ல, அந்த ஹால்லயும் இல்ல" என்றேன். அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கவும் இல்லை. தாளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நோட்டீஸை நிறுத்திவிட்டேன். மிச்சமிருந்ததை என் கையாலேயே கிழித்தேன். மறு ஞாயிறு கூட்டத்தில் எல்லார் முன்னாலும் எழுந்து நின்று, வாத்தியார் எண்ணை மாற்றவில்லை, நான் தவறாக எழுதிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். யார் மாற்றியது என்று கேட்டார்கள். சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷத்தில் குறைந்தது ஐந்து சங்கங்கள் என் கையை விட்டுப் போயிருக்கும்.

ஆனால் ஒன்று. அவர் அன்றைக்கே இந்தத் தாளை எனக்குக் காட்டியிருந்தால் ஐந்து நிமிஷத்தில் கண்டுபிடித்திருப்பேன். உலகத்தில் இதைக் கண்டுபிடிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான், என்னிடம்தான் காட்டாமல் மூடி வைத்தார்கள். அதனால் நான் இன்னும் நிற்கிறேன்.

ஏன் செய்தாய்? பூசி மெழுகாமல் எழுது.

அக்கா என்று எழுத இன்று கை வரவில்லை.


பிப்ரவரி 16

அக்காவுக்கு,

எழுதுகிறேன்.

அன்று கடிகாரத்தை ஓடவிட்டேன். ஒரு மணி நேரம் அந்தப் பெண் தனியாக உட்கார்ந்திருந்தாள். நேரம் முடிந்ததும் கோடு போடப் பேனாவை எடுத்தேன். தலைமை நடுவர், நாம் "தொப்பி" என்று சொல்வோமே, அவர்தான் அவளுக்குப் பயிற்சியாளரும்கூட. என் பட்டத்துக்கான சான்றிதழ் அவர் கையில். கையெழுத்துப் போடாமல் விசிறி மாதிரி ஆட்டிக்கொண்டே வந்தார். "கோடு போட்டா அந்தப் பொண்ணுக்குப் பாயிண்ட் ஏறாதுப்பா. முகாம் போயிடும். உங்க அக்காவுக்கு கவர்மென்ட் வேலை இருக்கு. இவளுக்கு இதத் தவிர என்ன இருக்கு?" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. சான்றிதழை மேஜை மேல் வைத்துவிட்டு, பேனாவை மூடியபடி நின்றார்.

நான் சைபர் போட்டேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் கழித்து வாத்தியார் கேட்டு எழுதினார். அதற்குள் நீ என்னிடம், "நீ கோடுதானே போட்டே?" என்று கேட்டு, நான் ஆமாம் என்று சொல்லியாகிவிட்டது. ஒரு ஆட்டத்தாள் வேண்டும். புதிதாக ஒன்றை உண்டாக்க எனக்குத் தைரியம் இல்லை. நான் உண்டாக்குகிற ஆட்டம் பொய் என்று பார்த்தவுடனே தெரியும், உன் அளவுக்கு நான் ஆட மாட்டேன். முழுக்க மனப்பாடமாகத் தெரிந்த ஆட்டம் எனக்கு அது ஒன்றுதான். நீ என்னை ஓரத்துச் சிப்பாய் என்று கூப்பிடும்போதெல்லாம் மனசுக்குள் முதலிலிருந்து ஆடிப் பார்த்தால் மறக்குமா?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், நீ பூசி மெழுகாதே என்றதால். அந்தச் சைபரைப் போட்டபோது கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. ஒரு தடவையாவது நீ தோற்றதாக எங்கேயாவது எழுதியிருக்கட்டும் என்று இருந்தது. ஒரு நாள்தான். மறுநாள் ஆஸ்பத்திரியில் நீ எனக்குக் காபி வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாய், பட்டம் வந்துவிட்டதா என்று கேட்டாய். அதோடு போயிற்று.

வெளியே தெரிந்தால் பட்டம் போகும். சங்கம் போகும். இந்த ஊரில் கண்ணாடிக் கடைக்காரன் என்பதைவிட நடுவர் என்றுதான் என்னை எல்லாருக்கும் தெரியும். அம்மாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியவில்லை. உன்னைக் கெஞ்சுகிறேன். என்னை என்ன வேண்டுமானாலும் திட்டு. வெளியே வேண்டாம். எங்கள் சங்கத்தின் ஓட்டைப் பற்றி நீ கவலைப்படாதே.

தம்பி


பிப்ரவரி 20

தம்பிக்கு,

என் வாயை மூட ஓட்டைக் காட்டுகிறாயா? தொப்பி உனக்குச் சான்றிதழைக் காட்டினார், நீ எனக்கு ஓட்டைக் காட்டுகிறாய். நன்றாகத்தான் கற்றுக்கொண்டிருக்கிறாய்.

நான் உன்னைப் பற்றி யாரிடமும் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீ. வாத்தியாருக்கு இரண்டு வரி எழுது. ஆட்டம் நடக்கவில்லை, தாள் பொய். எழுதிவிட்டு, உன் சங்கத்தின் ஓட்டை உனக்குச் சரி என்று படுகிறவருக்குப் போடு. அவருக்கே போட்டாலும் நான் கேட்க மாட்டேன். ஆனால் யாருக்காவது போடு. ஓட்டுச்சீட்டு மாதக் கடைசிக்குள் தபாலில் போய்ச் சேர வேண்டும்.

அக்கா


மார்ச் 3

தம்பிக்கு,

நேற்று எண்ணினார்கள். கூட்டமைப்பு அலுவலகத்தில், போட்டோகாப்பி இயந்திரத்துக்குப் பக்கத்தில், நாலு நாற்காலி போட்டு. சங்கத்தின் பெயரைப் படிப்பார்கள், யாருக்கு என்று சொல்வார்கள், ஒருவர் பலகையில் எழுதுவார். ஒவ்வொரு பெயருக்கும் வாத்தியார் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவருக்கும் பயம்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

டயர் கடைக்காரர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள். மன்னிப்புக் கேட்டபோது போய்விட்டதாக நினைத்த ஐந்தில் இரண்டு சங்கங்கள் எனக்கே போட்டிருந்தன. மன்னிப்புக் கேட்டதற்காகவே போட்டோம் என்று ஒருவர் சொன்னார். கடைசியில் அவருக்கு இருபத்துமூன்று, எனக்கு இருபத்துமூன்று.

மொத்தம் நாற்பத்தேழு சங்கம் ஆயிற்றே என்று பார்க்கிறாயா? நானும் பார்த்தேன். உன் சங்கத்தின் பெயரைப் படித்தார்கள். சீட்டு வரவில்லை என்றார்கள். பலகையில் எழுதுகிறவர் உங்கள் பெயருக்கு நேரே சாக்பீஸால் நீளமாக ஒரு கோடு இழுத்தார்.

சமமானால் பதவியில் இருப்பவரே தொடரலாம் என்பது விதி. தொடர்கிறார்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் போட வேண்டிய கோட்டை இப்போது போட்டிருக்கிறாய். கோடு போட வேண்டிய இடத்தில் சைபர், ஓட்டுப் போட வேண்டிய இடத்தில் கோடு. உனக்கு நான் என்ன செய்தேன் என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்து எவர்சில்வர் டம்ளரைச் சுவரில் எறிந்தேன். நெளிந்துவிட்டது. நாற்பத்தொரு வயதில் நான் எறிந்த முதல் பாத்திரம் அது.

இனி எழுத மாட்டேன்.


மார்ச் 9

அக்காவுக்கு,

நீ படிப்பாயோ மாட்டாயோ.

சீட்டு என் மேஜையில்தான் இருந்தது. உனக்குப் போட்டால் வாயை அடைக்கப் போட்டதாக ஆகும் என்று நீயே சொல்லிவிட்டாய். அவருக்குப் போட்டால் நான் ஒளிந்துகொள்ளப் போட்டதாக ஆகும். முதலில் வாத்தியாருக்கு எழுதிவிட்டுப் போடலாம் என்று உட்கார்ந்தேன். எழுதினேன், கிழித்தேன். மூன்று நாள். நாலாம் நாள் தபால் நேரம் தாண்டிவிட்டது. சத்தியமாக இவ்வளவுதான். இருபத்துமூன்றுக்கு இருபத்துமூன்று வரும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

உன் கடிதம் வந்த அன்றே கடையை மூடிவிட்டு எழுதினேன். இந்த முறை கிழிக்கவில்லை. நகல் கீழே. கார்பன் வைத்தே எடுத்தேன்.

"ரேட்டிங் பொறுப்பாளர் அவர்களுக்கு. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் நடுவராக இருந்த போட்டியின் கடைசிச் சுற்றில் என் அக்காவின் ஆட்டம் நடைபெறவில்லை. அவர் அன்று எங்கள் தாயாருடன் மருத்துவமனையில் இருந்தார். சைபர் நான் போட்டது. ஆட்டத்தாள் நான் எழுதியது. அதில் உள்ள கையெழுத்தும் நான் போட்டது. நடுவர் அடையாள அட்டையை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். கோடு போடும்படி கேட்டுக்கொள்கிறேன்."

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். இரவு மாத்திரையை எடுத்து நீட்டினேன். என் கையிலிருந்து வாங்கவில்லை. டப்பாவைத் தன் பக்கம் இழுத்து, தானே திறந்து எடுத்துக்கொண்டாள். மூன்று நாளாக அப்படித்தான்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

எழுத மாட்டேன் என்றேன். எழுதுகிறேன், ஏனென்றால் உனக்குத் தெரிய வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன.

வாத்தியார் உன் கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். அலமாரியிலிருந்து அறிக்கையை எடுத்து, மூன்று பேனாவில் சிவப்பை உருவி, சைபரை அடித்து, பக்கத்தில் கோடு போட்டார். அளவுகோல் வைத்துப் போட்டார். அடுத்த பட்டியலில் எனக்கு 2003 என்று வரும். பதினான்கு புள்ளி திரும்பி வந்தது. முகாம் வரவில்லை, இருபத்தொன்பது வயதும் வரவில்லை. உன் பட்டத்தை மூன்று வருஷத்துக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் வருத்தம் இல்லை. அதையும் எழுதி வைக்கிறேன், பிறகு மாற்றிப் பேச மாட்டேன்.

"உங்ககிட்ட அன்னிக்கே காட்டியிருக்கணும்மா" என்றார் வாத்தியார். அப்படியானால் விதியை மாற்றுங்கள் என்றேன். கமிட்டியில் வைத்துப் பார்க்கிறேன் என்றார். பார்ப்பார், பார்த்துக்கொண்டே இருப்பார். இரண்டு வருஷம் கழித்து மறுபடி நிற்பேன். அப்போது உன் சங்கத்தின் சீட்டு நேரத்துக்கு வந்து சேரவில்லை என்றால் நேரே உன் கடைக்கு வந்து, கண் சோதிக்கிற அந்த எழுத்துப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்து, எல்லா எழுத்தையும் தப்பாகப் படித்து நாள் முழுக்க உன் வியாபாரத்தைக் கெடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்க வருகிறேன். மாத்திரை டப்பாவை நான் நிரப்புகிறேன். உன்னை மன்னித்துவிட்டேன் என்று இதற்கு அர்த்தம் இல்லை. இன்னும் உன் எழுத்தை உறையின் மேல் பார்த்தால் ஒரு நாள் பிரிக்காமலே வைத்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று. அந்தப் பொய்த் தாளைக் கோப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று கேட்டேன். எந்தத் தாளையும் எடுக்கக் கூடாதாம், மேலே ஒரு குறிப்பு மட்டும் ஒட்டுவாராம். ஆக அந்தத் தாள் அங்கேயேதான் இருக்கும். குறிப்பைப் படிக்காமல் புரட்டுகிற ஒவ்வொருவனும், பத்தொன்பதாவது நகர்த்தலில் ஓரத்துச் சிப்பாய்க்கு ஆசைப்பட்டு ராணியை விட்டவள் நான் என்றே நினைப்பான். அங்கே குதிரையைப் பின்னால் எடுத்திருந்தால் உனக்கு ஆட்டம் சமம் ஆகியிருக்கும் என்று அன்றைக்கே, அதே படியில் வைத்து உனக்குக் காட்டினேன். பதினாறு வருஷம் கழித்து என் பெயரில் எழுதும்போதும் உனக்கு அது தோன்றவில்லை. பொய்தான் எழுதுகிறாய், அதில் ஒரே ஒரு நல்ல நகர்த்தலாவது எனக்குக் கொடுத்திருக்கக் கூடாதா?

அக்கா